நான்கு நொடி

"அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும் மேடம்."

வாடிக்கையாளருடனான கூட்டம் முடிந்து அழைப்பைத் துண்டித்த பிறகு, என் குழுவில் வேலை பார்க்கும் இளைஞர் சொன்னது இவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லி முடித்திருப்பேன். இத்தனை நாள் மனசில் கிடந்து உறுத்தாது.

பழைய சிஸ்டத்தில் இருக்கும் தரவைப் புதியதற்கு மாற்றும் டேட்டா மைக்ரேஷன் திட்டத்தை வாடிக்கையாளரிடம் அவர்தான் விளக்கினார், முதல் முறையாக. மூன்று வார உழைப்பு. நன்றாகவே போனது. கடைசியில் ஒரு கேள்வி வந்தது: கட்ஓவர் அன்று, அதாவது புதிய சிஸ்டத்துக்கு மாறுகிற அன்று, இரவு சிக்கல் வந்தால் பழைய சிஸ்டத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கும்? அவர் உடனே பேசவில்லை. மூன்று நொடி, மிஞ்சினால் நான்கு. நான் மைக்கை ஆன் செய்து, "நாலு மணி நேரம்" என்றேன்.

அவர் அந்த நேரத்தில் ஒத்திகைக் குறிப்பைத் திறந்துகொண்டிருந்திருக்கிறார். இரண்டாவது ஒத்திகையில் அது இரண்டரை மணி நேரமாகக் குறைந்திருந்தது. நான் சொன்னது முதல் ஒத்திகைக் கணக்கு.

"அங்கேயே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதுக்கு அப்புறம் எப்படி மேடம்?"

இந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். வாடிக்கையாளர் முன்னால் என்னைத் திருத்தாமல் அவர் என் மரியாதையைக் காப்பாற்றியிருக்கிறார். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் உள்ளே புகுந்த அதே நிமிடத்தில்.

என் பக்கமும் நியாயம் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டவர் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர், எங்கள் மேல் இன்னும் நம்பிக்கை வராதவர். அங்கே ஒரு தடுமாற்றம் தெரிந்தால் அது அந்த இளைஞர் பெயரில்தான் ஒட்டிக்கொள்ளும். அடி விழுந்தால் என் மேல் விழட்டும் என்பதுதான் இத்தனை வருடம் நான் பழகிய தலைமை. எனக்கு மேலே இருந்தவர்கள் தப்பு நடந்தால் கீழே கைகாட்டுவதைப் பார்த்து, நான் அப்படி இருக்கக்கூடாது என்று முடிவு செய்துதான் இந்தப் பொறுப்புக்கே வந்தேன்.

தலைவர் முதலில் சேவை செய்பவராக இருக்க வேண்டும் என்கிற 'சேவகத் தலைமை' என்ற சொல்லைப் பரப்பிய ராபர்ட் கிரீன்லீஃப், ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்து 1964-இல் ஓய்வு பெற்றவர். 1970-இல் எழுதிய கட்டுரையில் அவர் வைக்கும் சோதனை ஒன்றுதான்: நீ யாருக்குச் சேவை செய்கிறாயோ அவர்கள் வளர்கிறார்களா? முன்னைவிடச் சுதந்திரமாக, சொந்தக் காலில் நிற்கிறவர்களாக ஆகிறார்களா? எவ்வளவு உழைத்தாய், எத்தனை அடி தாங்கினாய் என்பதெல்லாம் அந்தக் கேள்வியில் வராது. அதை வைத்துப் பார்த்தால் என் நான்கு மணி நேரப் பதில் சேவையே இல்லை.

மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளைக் கவனித்துச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடப் பொறுக்காமல் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்களாம். மூன்று நொடி பொறுத்தால் மாணவர்களின் பதில் நீள்கிறது, பேசாதவர்களும் பேசுகிறார்கள். நான் மூன்று நொடிக்கு மேலேயே பொறுத்தேனே என்று வாதாடத் தோன்றுகிறது. ஆனால் அந்த நொடிகளில் நான் காத்திருக்கவில்லை. மைக் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் வாயே திறக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். திறக்கவும் இல்லை. அன்றைக்கு வந்த கேள்வி ஒப்பந்தம் பற்றியது. அவர் பார்க்கிற வேலையே அல்ல, தெரிந்திருக்க வழியும் இல்லை. திணறினார். பொதுவாக ஏதோ சொன்னார், மறுபக்கம் விடவில்லை. திரையில் அவர் முகம் வெளிறுவதைப் பார்த்துக்கொண்டே, வளரட்டும் என்று இருந்துவிட்டேன். அன்று மாலை அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிரீன்லீஃபைச் சொல்லியா தப்பித்திருப்பேன்?

பேசியதும் தப்பு, பேசாததும் தப்பு. எப்போது எது என்று கூட்டத்துக்கு முன்பே அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் "எந்தக் கேள்விக்கு நான் வரணும்?" என்று மேலே இருக்கிற ஒருத்தி கேட்டால், "நீங்க எப்ப வேணாலும் வாங்க மேடம்" என்றுதானே பதில் வரும்?

ஒரு விஷயத்தை மட்டும் சரியாகச் செய்ததாக ரொம்ப நாள் நினைத்திருந்தேன். முதல் கூட்டம் நடந்த அன்றே வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான் சொன்ன கணக்கு பழையது, சரியானது இரண்டரை மணி நேரம், தவறு என்னுடையது என்று எழுதி, அவரையும் நகலில் சேர்த்திருந்தேன். போன வாரம் வேறு எதையோ தேடும்போது அந்த மின்னஞ்சல் கண்ணில் பட்டது. ஏழு வரி. எல்லாமே 'நான்', 'என்', 'எனது'. ஒத்திகை நடத்தி நேரத்தைக் குறைத்தவர் பெயர் நகல் வரிசையில் மட்டும்தான் இருந்தது. அந்த இரண்டரை மணி நேரத்தையாவது அவரையே எழுதி அனுப்பச் சொல்லியிருக்கலாம்.