கொடுத்த அசைன்மென்டுக்கு 'ஆப்சென்ட்': தொலைநிலை பி.ஏ. அனுபவம்

பொருளாதார வரலாறு தாளுக்கு எதிரே 'பாஸ்' என்று திருத்திய மதிப்பெண் பட்டியல் ஒருவழியாக வந்துவிட்டது. அதை வாங்குவதற்குள் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. மேலூரிலிருந்து மதுரைக்கு ஜவுளிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலையில் பி.ஏ. பொருளியல் படிக்கிறேன். தமிழ் வழி. ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. என்னைப் போல இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சேர்க்கையில் ஒரே ஒரு சிக்கல். 2024-25 முதல் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தளத்தில் டி.இ.பி. ஐடி என்ற மாணவர் அடையாள எண் எடுத்தால்தான் தொலைநிலையில் சேர முடியும். அதை எடுக்கும்போது பெயர் ஒத்துப்போகவில்லை: ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருந்தது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வெறும் இனிஷியல். நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். சேர்க்கை தொடங்குவதற்கு முன்பே ஆதார் மையத்துக்குப் போய்ச் சரிசெய்துவிடுங்கள், கடைசி வாரத்தில் அங்கே கூட்டம் தாங்காது. மற்றதெல்லாம் ஆன்லைனிலேயே முடிந்தது.

இந்தத் தாள் இருந்த செமஸ்டருக்கு எல்லாப் புத்தகமும் வந்தது, பொருளாதார வரலாறு மட்டும் வரவில்லை. ஸ்டடி சென்டரில் கேட்டால் "தமிழ் மீடியம் இன்னும் பிரிண்ட் ஆகலைம்மா, வந்தா சொல்றோம்" என்றார்கள். கடைசிவரை யாரும் சொல்லவில்லை. தேர்வுக் கட்டணம் மட்டும் தேதி தவறாமல் கேட்டார்கள்.

புத்தகம் இல்லாமல் எப்படிப் படித்தேன் என்றால், முதலில் பதினொன்றாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூல். பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நிலவரி முறைகளுக்கு அதைவிடத் தெளிவான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் புதுநத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகம். வார விடுமுறையில் காலையிலேயே போய் உட்கார்ந்தால் இருட்டும்வரை குறிப்பு எடுக்கலாம். ஆங்கிலம் ஓரளவு வரும் என்றால் நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரை மேனுவல் (மதுரைப் பகுதியைப் பற்றிய விவர நூல்) archive.org தளத்தில் முழுசாக இருக்கிறது.

அசைன்மென்டில் இரண்டு கேள்வி. ஒன்று, நிலையான நிலவரித் திட்டத்தையும் (ஜமீன்தார் வழியாக வரி) ரயத்துவாரியையும் (விவசாயியே நேரே வரி) ஒப்பிடுவது. நேரில் நடக்கும் கான்டாக்ட் வகுப்பு எடுத்த ஆசிரியை "உங்க ஊரை வச்சு எழுதுங்க" என்று சொன்னது எனக்குப் பெரிய திறப்பு. 1793இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வங்காளத்தில் நிலையான திட்டத்தைக் கொண்டுவந்தது, ஆங்கிலேய அதிகாரி மன்றோ இங்கே ரயத்துவாரிக்கு வாதாடியது என்று எல்லாரும் எழுதுவார்கள். நான் எங்கள் வீட்டையே எழுதினேன். அப்பத்தா பிறந்த ஊர் சிவகங்கை ஜமீனில் இருந்தது. அங்கே விவசாயிக்கும் சர்க்காருக்கும் நடுவே ஜமீன்தார். எங்கள் ஊரில் பட்டாதாரர் நேரே சர்க்காருக்குத் தீர்வை கட்டினார். பஸ்ஸில் கொஞ்ச நேரத் தூரம்தான், முறை வேறு. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை அப்படித்தான்.

இன்னொன்று பஞ்சமும் பாசனமும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தொடங்கி, 1895இல் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்தது, வைகையின் பேரணைத் தடுப்பணையில் கால்வாயாகத் திரும்பி மேலூர்ப் பக்கம் நெல் வயலானது வரை எழுதினேன். படிக்கச் சேர்ந்த பிறகு நான் இவ்வளவு ஆசையாக எழுதியது வேறு எதுவும் இல்லை.

ரிசல்ட் வந்தபோது எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். அசைன்மென்டுக்கான இன்டர்னலில் 'ஆப்சென்ட்'. மொத்தத்தில் அரியர்.

இன்டர்னலுக்கு 30 மார்க். அது போனால் எவ்வளவு நன்றாக எழுதியும் தேறுவது கஷ்டம். ஸ்டடி சென்டரில் "நாங்க அனுப்பிட்டோம்" என்றார்கள். பல்கலைக்கழக அலுவலகத்தில் "எங்களுக்கு வரலை" என்றார்கள். அந்த அலுவலகத்தில் இருந்த சார் என் முகத்தைப் பார்க்காமலேயே, "வரலைன்னா நீ எழுதலைன்னுதான் அர்த்தம். அரியர் பணம் கட்டிட்டு அடுத்த செமஸ்டர்ல திரும்ப எழுதும்மா" என்றார். வெயிலில் பஸ் மாறி மாறி வந்து நின்றவளுக்கு அந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

என்னைக் காப்பாற்றியது ஒரு ஜெராக்ஸ். அசைன்மென்ட் கொடுக்கும்போதே முழுக்க ஜெராக்ஸ் எடுத்து, முதல் பக்கத்தில் சீல் போட்டுத் தரச் சொல்லி ஸ்டடி சென்டரில் கேட்டேன். "இதுக்கெல்லாம் சீல் கிடையாதும்மா" என்றார்கள். போடாமல் நகர மாட்டேன் என்று நின்றேன். ஊதா மையில் சென்டர் சீல், தேதி, ஒரு கையெழுத்து. அதை மேசையில் வைத்ததும்தான் பல்கலைக்கழக அலுவலகத்து சார் நிமிர்ந்து பார்த்தார்.

அப்போதும் வாய்வார்த்தையை நம்பி வராதீர்கள். தேர்வாணையர் பெயருக்கு மனு எழுதி, சீல் போட்ட பக்கத்தின் நகலை இணைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன், ரசீதைப் பத்திரப்படுத்தினேன். பதில் இல்லை. அடுத்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு: எங்கள் சென்டரிலிருந்து வந்த அசைன்மென்ட் கட்டு எந்தத் தேதியில் பெறப்பட்டது, யாரிடம் மதிப்பீட்டுக்குப் போனது? இந்த இரண்டு கேள்விதான். 30 நாளுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.

அந்த மனு போன பிறகு அலுவலகத்திலிருந்தே போன் வந்தது. பி.ஏ. வரலாறு படிப்பவர்களுக்கும் இதே தாள் உண்டு. எங்கள் கட்டு அவர்கள் கட்டோடு போய், பிரிக்காமலேயே அலமாரியில் கிடந்திருக்கிறது. மதிப்பீடு செய்து மார்க் போட்டார்கள். 30க்கு 26.

அந்தக் கட்டில் இருந்தது என் தாள் மட்டும் இல்லை. எங்கள் சென்டரில் படிக்கும் சிலர் அந்த சாரின் பேச்சை நம்பி அரியர் கட்டணமும் கட்டிவிட்டார்கள். அவர்களோடு உட்கார்ந்து இப்போது மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். மார்க் போட்டால் போதாது, கட்டிய பணமும் திரும்ப வர வேண்டும். உங்களுக்கும் இந்தத் தாளில் 'ஆப்சென்ட்' வந்திருந்தால் பணம் கட்டுவதற்கு முன் மனு கொடுங்கள்.