வலி வராத ஒன்பது நாட்கள்

பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதி தாண்டி ஒன்பது நாள் ஆகியும் எனக்கு வலி வரவில்லை. இரண்டு முறை இடுப்பைப் பிடித்தது. அம்மா சீரகக் கஷாயம் கொடுத்தார். "பொய்வலின்னா இதுல அடங்கிடும்டி" என்றார். இரண்டு முறையும் அடங்கிவிட்டது.

41 வாரம் 2 நாளில் அட்மிஷன். கர்ப்பப்பை வாய் இன்னும் இளகவில்லை என்று மாலை ஆறு மணிக்கு ஜெல் வைத்தார்கள். நள்ளிரவில் இன்னொன்று. ஜெல் வைத்தால் உடனே குழந்தை வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது வாயை மென்மையாக்கத்தான். முதல்முறை என்றால் ஒரு நாள்கூட ஆகலாம். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த இரவு அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

விடிந்ததும் பனிக்குடத்தை உடைத்து, வலி வரவைக்கும் ஆக்சிடோசின் மருந்தை டிரிப்பில் போட்டார்கள். நர்ஸ் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உதடு அசையச் சொட்டுகளை எண்ணி, அரை மணிக்கொரு முறை கொஞ்சம் கூட்டினார். வயிற்றில் கட்டிய பெல்ட்டிலிருந்து குழந்தையின் துடிப்பு குதிரை ஓடுவதுபோல் கேட்டது. 140, 138, 144. வலி ஏறும்போதெல்லாம் அந்த எண்ணையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை நாலு மணிக்கு மகள் பிறந்தாள். நாள் தள்ளிப் பிறந்ததால் உள்ளங்கையெல்லாம் தோல் உரிந்திருந்தது. நகங்கள் விரல் நுனியைத் தாண்டி வளர்ந்திருந்தன.