ஹெரால்டுக்குப் புது முகம்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் பானெட் என்பது வெறும் இன்ஜின் மூடி இல்லை. இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து, முகம் முழுவதுமே முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். 1960களில் மெட்ராஸில் தயாரான வண்டி அது. குன்னூர் ஈரத்தில் என் வண்டியின் தகர முகம் துருவேறி உதிர்ந்துபோனது. கோவையில் பழைய ஃபைபர் (கண்ணாடி இழை) பானெட் ஒன்று கிடைத்தது, கீல் பக்கம் நீளமான விரிசலோடு.

மேலே பட்டி பூசினால் போதும் என்றார் ஒரு நண்பர். அது பெயிண்டுக்குத்தான் ஏமாற்று வேலை, நாலு குலுக்கலில் கோடு திரும்பி வந்துவிடும். பட்டறை அண்ணன் விரிசலின் நுனியில் சின்னத் துளை போட்டார், மேற்கொண்டு ஓடாமலிருக்க. அப்புறம் அடிப்பக்கத்தைச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, ரோலரால் காற்றுக் குமிழ்களை வெளியேற்றினார். தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

எங்கள் ஊரில் வில்லன் பனிமூட்டம்தான். பாலியெஸ்டர் ரெசின் குளிரிலும் ஈரத்திலும் சரியாக இறுகாது. அதற்காக ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரை இஷ்டத்துக்கு ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும். "மத்தியான வெயில் வரட்டும் தம்பி, அவசரப்படாதீங்க" என்றார் அண்ணன்.

கீல் மாட்டும் இடத்தில் உள்ளே இரும்புத் தகடும் அகலமான வாஷரும் வைத்தோம். வெறும் ஃபைபர்மேல் நட்டை முறுக்கினால் நசுங்கும். எல்லா போல்ட்டையும் தளர்வாக மாட்டி, கதவோர இடைவெளி சமமான பிறகே இறுக்கினோம். ஃபைபரில் மின்சாரம் பாயாது என்பதால் ஹெட்லைட்டுக்குத் தனி எர்த் வயர் இழுக்க வேண்டியிருந்தது.

பெயிண்ட், மழை முடிந்த பிறகுதான். வீட்டில் வெள்ளை என்கிறார்கள், எனக்குப் பச்சைமேல் ஆசை.