கச்சான் காலத்துத் தக்காளி

கோடையில் சூடாகவும் வறட்சியாகவும் வரும் கச்சான் காற்று வீசத் தொடங்கினால், மட்டக்களப்பின் களுதாவளைப் பக்கத் தோட்டங்களில் ஒரே கேள்விதான்: தக்காளி ஏன் சிவக்குதில்லை? போன கிழமை பக்கத்துத் தோட்டத்துச் சின்னண்ணனும் வேலியடியில் நின்று கேட்டார். "புள்ள, பழம் மஞ்சளாவே நிக்குது. என்ன மருந்து அடிக்கிற?"

மருந்துக்குக் காசைக் கொட்டாதீங்க என்றேன். பாடசாலையில் விவசாயம் படிப்பிக்கிறவள் என்பதால் என் சொல்லைக் கொஞ்சம் கேட்பார்.

தக்காளிக்குச் சிவப்பைக் கொடுப்பது லைகோபீன் என்ற நிறப்பொருள். காய் பழுக்கும்போது பச்சையம் சிதைய, லைகோபீன் சேரும். வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் அது உருவாவது மந்தமாகிவிடும். செம்மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டீன் மட்டும் தன்பாட்டில் உருவாகிக்கொண்டிருக்கும். தண்ணீர் குறைந்தால் இந்தச் சூடு இன்னும் மோசமாகிறது. இலை வாடிச் சுருள, அதுவரை நிழலில் கிடந்த காயில் நேர்வெயில் விழுகிறது. அப்படிப்பட்ட காய் சுற்றியுள்ள காற்றைவிடச் சில வேளை 10 பாகை கூடச் சூடாகும். காம்படி மஞ்சளாக நிற்பதும், ஒரு பக்கம் வெளிறி வெந்துபோவதும் இதனால்தான்.

அதற்காகத் தண்ணீர்க் குறைவு முழுக்கக் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். தக்காளியில் 94, 95 வீதம் தண்ணீர். காய் பிடித்து வளர்ந்த பிறகு அளவாக நீரைக் குறைத்தால் பழம் சிறுக்கும், சீனியும் புளிப்பும் செறியும். அம்மா சொதிக்கு அந்தச் சின்னப் பழங்களைத்தான் தேடிப் பொறுக்குவா. நிறம் அப்படி ஒரு சீராக நடக்காது. சில இனங்களில் லைகோபீன் செறிவு கூடும், சிலவற்றில் மாறாது, குறையவும் செய்யும். சந்தையிலோ நிறைக்குத்தான் காசு. ருசியான பழத்தை விளைவித்தவன் குறைந்த காசோடு வீடு போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

எங்கள் மணலில் இன்னொரு சிக்கல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கோடையில் கிணற்று நீர் உவர்த்தால், மண் ஈரமாக இருந்தும் வேரால் நீரை இழுக்க முடியாது. செடிக்கு அதுவும் வறட்சிதான். காய்க்குக் கல்சியம் போவது நீரோட்டத்தோடு. நீர் சரியாக ஓடாவிட்டால் காயின் அடி கறுத்து அழுகும். பூக்கும் காலத்தில் வாடவிட்டால் பூவே கொட்டிவிடும். காயவிட்டு, அப்புறம் ஒரேயடியாக நீரைக் கொட்டினாலோ பழம் வெடிக்கும்.

சின்னண்ணனிடம் சொன்னது இவ்வளவுதான்: மணல் விட்ட தண்ணீரை வைத்திருக்காது, ஆகவே பூவாளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் காலையும் மாலையும் ஊற்றுங்க. காய்க்கு நிழல் தரும் இலையைக் கழிக்காதீங்க. நிறம் மாறத் தொடங்கியதும் ஆய்ந்து, வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் பரப்பிப் பழுக்க வையுங்க. செடியின் அடியில் வைக்கோல் போடுங்க.

"வைக்கல் வாவிக்கு அங்கால, படுவான்கரை வயல் வட்டைக்குள்ள கிடக்கு, நாளைக்கு மெசினில ஏத்திட்டு வாறன். உனக்கும் வேணுமா?" என்றார். வேணும் என்றேன்.