பாடப்புத்தகப் பெயர்களைத் தேடி பாரிஸில் ஒரு வாரம்

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், பெல்ஜியமும் நெதர்லாந்தும் வந்து தொடும் மூலையில் இருக்கிறது ஆஹன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முதுகலை படிக்க அக்டோபரில் வந்து இறங்கியதிலிருந்து எனக்கு ஐரோப்பா என்றால் நகராட்சிப் பதிவு, மாணவர் செலவுக்கான பணத்தை முடக்கி வைக்கும் பிளாக்ட் அக்கவுண்ட், ரெசிடென்ஸ் பர்மிட்டுக்கான காத்திருப்பு, நாலரை மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம், இவ்வளவுதான். மே மாதக் கடைசியில் பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டி ஒரு வாரம் வகுப்பு கிடையாது. பகுதி நேர வேலையில் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு பாரிஸுக்குக் கிளம்பினேன்.

ஆஹனிலிருந்து நேரடி ரயில் உண்டு, மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடும். ஆனால் விடுமுறை நேரத்து டிக்கெட் விலை மாணவர் கைக்கு எட்டாது. பேருந்துதான். ஜெர்மன் ரெசிடென்ஸ் பர்மிட்டும் பாஸ்போர்ட்டும் இருந்தால் தனி விசா தேவையில்லை. ஷெங்கன் என்பது எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர ஒப்பந்தம் செய்துகொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். 180 நாட்களில் 90 நாட்கள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் சுற்றலாம். இன்னொன்றும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லூவ்ர், ஓர்சே அருங்காட்சியகங்கள் இரண்டும் இலவசம். எந்த நாட்டுக் குடிமகள் என்று பார்ப்பதில்லை, வசிக்கும் அட்டையைத்தான் பார்க்கிறார்கள். அந்த அட்டைக்காக நான் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. அதைக் காட்டியதும் வாசலில் இருந்தவர் சிரித்து உள்ளே போகச் சொன்னபோது, இந்தக் கண்டத்தில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று முதல் தடவையாகத் தோன்றியது.

போனதும் முதலில் ஈஃபிள் கோபுரம். எல்லோரும் உச்சியைப் பார்க்கிறார்கள். நான் முதல் தளத்துக்குக் கீழே ஓடும் பட்டையைப் பார்க்கப் போயிருந்தேன். அதில் பொன்னிற எழுத்துகளில் அறிவியலாளர்கள், பொறியாளர்கள் என 72 பேரின் பெயர்கள் நான்கு பக்கமும் இருக்கின்றன. பக்கத்துக்குப் பதினெட்டு. எழுத்து ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் உயரம், கீழே நின்றே படிக்கலாம். நவியே, கோஷி, லமே, பாய்சான், ஃபூரியே, கொரியோலி, லக்ராஞ்ச். திருநெல்வேலியில் பி.இ. படித்தபோது இந்தப் பெயர்கள் எனக்குச் சமன்பாடுகள் மட்டும்தான். பாய்சான் விகிதம் இரண்டு மதிப்பெண் கேள்வி, ஃபூரியே தொடர் பதினாறு மதிப்பெண். அந்தப் பெயர்களெல்லாம் இரும்பின் மேல் வரிசையாக நிற்பதைக் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டே கோபுரத்தைச் சுற்றி வந்தேன். 1889இல் கட்டி முடித்தபோது குஸ்தாவ் ஈஃபிள் செய்த நன்றிக்கடன் இது. ஏறக்குறைய 18,000 இரும்புத் துண்டுகளை 25 லட்சம் ரிவெட்டுகளால் பிணைத்து நிறுத்த முடிந்தது என்றால், எந்த இடத்தில் எவ்வளவு விசை வரும் என்று கணக்கிடும் வழியை இவர்கள் வகுத்து வைத்திருந்ததால்தான்.

ஆனால் 72 பேரில் ஒரு பெண் கூட இல்லை. எனக்கு முக்கியமான பெயர் சோஃபி ஜெர்மேன். குளிர்காலப் பருவத்தில் தகடுகளின் அதிர்வு பற்றிய பாடத்தில் பேராசிரியர் ஒரே வாக்கியத்தில் அவரைக் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோனார். அன்றிரவே தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1776இல் பட்டு வியாபாரி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது வயது பதின்மூன்று. வெளியே போக முடியாத நாட்களில் அப்பாவின் நூலகத்தில், கணக்கில் மூழ்கியிருந்த ஆர்க்கிமிடீஸ் ரோமானியப் படைவீரன் கையால் கொல்லப்பட்ட கதையைப் படிக்கிறார். சாவு எதிரே நிற்கும்போதும் ஒருவரை அசையவிடாத கணிதம் எப்படிப்பட்டது என்று பார்த்தே தீர வேண்டும் என்று இறங்குகிறார். ராத்திரியில் படிக்கக் கூடாது என்று வீட்டில் மெழுகுவத்தியைப் பறித்துக்கொண்டார்கள் என்பார்கள். கல்லூரியில் பெண்களுக்கு இடமில்லை. அதனால் லெபிளாங் என்ற ஆண் பெயரில் லக்ராஞ்சுக்கும், பிறகு ஜெர்மனியில் இருந்த கணித மேதை காஸுக்கும் எழுதினார்.

அப்புறம் நெப்போலியன் படை காஸ் இருந்த பிரவுன்ஷ்வைக் நகரைப் பிடிக்கிறது. ஆர்க்கிமிடீஸுக்கு நேர்ந்தது காஸுக்கும் நேர்ந்துவிடுமோ என்று பயந்து, ஜெர்மேன் தன் குடும்பத்துக்குத் தெரிந்த தளபதி ஒருவரிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். அதனால்தான் லெபிளாங் ஒரு பெண் என்பது வெளியே வந்தது. 1807இல் காஸ் வியந்து பாராட்டிப் பதில் எழுதினார்.

மெல்லிய உலோகத் தகட்டில் மணலைத் தூவி, அதன் விளிம்பை வயலின் வில்லால் இழுத்தால், அதிராத கோடுகளில் மணல் போய் ஒதுங்கிக் கோலம் போட்டதுபோல் வடிவம் எடுக்கும். கிளாத்னி என்ற ஜெர்மானியர் இதைப் பாரிஸில் செய்து காட்டினார். ஏன் அப்படி ஆகிறது என்பதைக் கணிதத்தில் விளக்குபவருக்குப் பரிசு என்று அறிவியல் கழகம் அறிவித்தது. ஜெர்மேன் மூன்று முறை விளக்கம் எழுதி அனுப்பினார், 1816இல் வென்றார். விசை பட்டால் பொருள்கள் வளைந்து மீள்வதைப் பற்றிய மீட்சியியலில் அவர் போட்ட இந்த அடித்தளத்தைத்தான் நாங்கள் இன்றும் வகுப்பில் படிக்கிறோம். கோபுரத்தில் அவர் பெயர் இல்லாததை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 72 பெண் அறிவியலாளர்களின் பெயர்களையும் சேர்க்க பாரிஸ் நகராட்சி இப்போது திட்டமிட்டிருக்கிறது. சேர்க்கட்டும். தாமதமானாலும் செய்ய வேண்டிய வேலை.

லூவ்ரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய் விடுமுறை, இலவசம் என்றாலும் நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். மோனலிசா முன்னால் கூட்டம்தான் தெரியும். அந்த நேரத்தில் ஹம்முராபியின் சட்டக் கல்லைப் போய்ப் பாருங்கள், பக்கத்தில் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது பாந்தியான், பிரான்ஸின் பெரிய மனிதர்களை அடக்கம் செய்திருக்கும் நினைவாலயம். 1851இல் இயற்பியலாளர் ஃபூக்கோ இங்கேதான் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுழல்வதை ஊரே பார்க்கும்படி காட்டினார். இப்போது அங்கே ஆடுவது அதன் நகல். ஊசல் ஆடும் திசை மணிக்குப் பதினோரு டிகிரி அளவு திரும்பும். அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். கீழே இருந்த வட்ட அளவுகோலில் அது நகர்ந்திருந்தது. சரியாகச் சொன்னால் ஊசலின் தளம் அப்படியே இருக்க, நானும் கட்டடமும் அதற்கு அடியில் திரும்பியிருந்தோம். அங்கிருந்து பத்து நிமிட நடையில், வோஜிரார் தெரு 36ஆம் எண் கட்டடத்தின் வளைவுக்குக் கீழே ஒரு பளிங்கு மீட்டர் சுவரில் பதிந்திருக்கிறது. மீட்டர் என்ற புது அளவுக்கு மக்கள் பழகட்டும் என்று 1796, 97 வாக்கில் ஊரில் பல இடங்களில் வைத்தவற்றில், வைத்த இடத்திலேயே மிஞ்சியது இது ஒன்றுதான். டெசிமீட்டர் கோடுகள் வரிசையாகத் தெரிகின்றன. பக்கத்தில் கைக்குட்டை விரித்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், நான் கையை நீட்டி அளந்து பார்க்க நகர்ந்து இடம் விட்டார்.

சவுவா தெரு 13ஆம் எண் வீட்டில் ஜெர்மேன் 1831இல் இறந்தார். சுவரில் ஒரு சின்னக் கல்வெட்டு, தத்துவவாதி, கணிதவியலாளர் என்று சொல்கிறது. இறப்புப் பதிவில் சொத்து வருமானத்தில் வாழ்ந்தவர் என்று மட்டும்தான் எழுதினார்களாம். தெருவில் ஆள் நடமாட்டம் அதிகமில்லை. கல்வெட்டைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன், யார் இந்த அம்மா என்று உடனே கேட்டாள். அங்கேயே நின்று போனில் முழுக் கதையையும் சொன்னேன்.

ஜெர்மேன் பிறந்தது சேன் நதிக்கு வடக்கே சான் தெனி தெருவில். அந்தத் தெருவில் வடக்கே நடந்தால் சான் தெனி வளைவு வரும். அதைத் தாண்டினால் அதே பாதை ஃபோபூர் சான் தெனி என்று பெயர் மாறி, கார் து நோர் ரயில் நிலையத்தைக் கடந்து லா ஷப்பேலில் முடிகிறது. லா ஷப்பேலை நெருங்கும்போது கடைப் பலகைகள் தமிழுக்கு மாறுகின்றன. நகைக்கடை, புடவைக்கடை, முடிதிருத்தகம், வாசலில் முருங்கைக்காயும் வாழைப்பூவும். போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஈழத்தமிழர்கள் எண்பதுகளிலிருந்து உருவாக்கிய இடம். சேமிப்பும் விசாவும் கையில் வைத்துக்கொண்டு வந்த நான், ஒன்றும் இல்லாமல் வந்தவர்கள் நட்ட மரத்தின் நிழலில் நிற்கிறேன் என்பது அந்தத் தெருவில் நன்றாகவே உறைத்தது.

ஒரு சாப்பாட்டுக் கடையில் நுழைந்தேன்.

“வாங்கோ பிள்ளை, இருங்கோ. இந்தியாவோ?”

“ஆமா அக்கா, திருநெல்வேலி. ஜெர்மனியில படிக்கிறேன், லீவுக்கு வந்தேன்.”

“தனியவோ வந்தனீங்கள்? அம்மாவுக்குத் தெரியுமோ?”

தெரியும் என்றேன். கொத்துரொட்டி உறைப்பாகவா, அளவாகவா என்று கேட்டார். உறைப்பாகத்தான். இரும்புக் கல்லில் இரண்டு தகடுகள் தட்டும் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. கூடவே நான் கேட்காத ஒரு ரோல்ஸும் வந்தது. என்ன படிக்கிறேன் என்று விசாரித்தவர், மெக்கானிக்கல் என்றதும், “நல்லாப் படியுங்கோ, பொம்பிளைப் பிள்ளையள் கட்டாயம் படிக்க வேணும்” என்றார். ஆகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் இந்தத் தெருக்களில் வரும், நடுரோட்டில் தேங்காய் உடைப்பார்கள், கட்டாயம் வர வேண்டும் என்றும் சொன்னார். அன்று ஒரு கட்டு கறிவேப்பிலையும் இடியப்ப மாவும் வாங்கிக்கொண்டேன். ஆஹனில் என் அறைக்கு அடுத்த அறையில் இருக்கும் வங்காளத்துத் தோழிக்கு இடியப்பம் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

தேர் ஞாயிற்றுக்கிழமை. ஆகஸ்டில் பரீட்சைகள் இருக்கின்றன, ஆனாலும் சனி இரவுப் பேருந்தில் போய் ஞாயிறு இரவே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு முன் காஸ் வாழ்ந்து மறைந்த கோட்டிங்கனைப் பார்த்துவிட வேண்டும். அது ஜெர்மனிக்குள்ளேயே இருப்பதால் செமஸ்டர் டிக்கெட்டில் சாதாரண ரயில்களில் மாறி மாறிப் போய்விடலாம்.