கயிறு பிடிப்பவரின் கைகள்

ஜனவரி 9

தேவனாம்பட்டினத்திலிருந்து காலையிலேயே போன். சில்வர் பீச்சில் சவாரி போகிற பெட்டைக்குதிரை நாலு நாளாய்த் தீனி எடுக்கவில்லையாம். போய்ப் பார்த்தால் இரண்டு மூக்கிலும் மஞ்சளாய்ப் பிசுபிசுத்த சளி, தாடைக்கடியில் எலுமிச்சை அளவு வீக்கம், காய்ச்சல் 104. ஸ்டிராங்கிள்ஸ்தான், குதிரைக்குக் குதிரை தொற்றுகிற தொண்டைச் சுரப்பி நோய் என்று மனசு சொன்னது. ஆனாலும் இரத்தப் பரிசோதனை வரும்வரை கிளாண்டர்ஸ் என்று வைத்துத்தான் நடந்துகொள்ள வேண்டும். அது மனுஷருக்கும் தொற்றும், உயிரையே எடுக்கும். உறுதியானால் குதிரைக்குக் கருணைக்கொலைதான்.

என்95 மாஸ்க், கண்ணாடி, இரட்டைக் கையுறை, ஏப்ரன், கம்பூட்ஸ் எல்லாம் போட்டிருந்தேன். கடலோரப் புழுக்கத்தில் ஐந்தே நிமிடத்தில் கண்ணாடி மங்கிவிட்டது. அந்த மங்கலிலும் ஒன்று தெரிந்தது. குதிரை செருமியது, கயிற்றைப் பிடித்திருந்த உரிமையாளரின் தம்பி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நாலு நாளாய்க் குதிரையின் மூக்கைத் துடைத்ததும் அதே துண்டுதான். எனக்கு முதலில் கண்ணில் பட்டிருக்க வேண்டியது அந்தத் துண்டு.

ஜனவரி 10

ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு சீரம் அனுப்பியாயிற்று.

கயிறு பிடிப்பவருக்கும் ஒரு செட் பாதுகாப்பு உடை கேட்டேன். பட்டியலில் டாக்டருக்கு மட்டும்தான் என்றார்கள். மஞ்சக்குப்பம் மெடிக்கலில் என் கைக்காசில் வாங்கினேன். குதிரையிடமிருந்து மனுஷருக்குத் தொற்றும் ஹெண்ட்ரா வைரஸ் ஆஸ்திரேலியாவில் 1994-இல் முதலில் கண்டறியப்பட்டபோது தாக்கியது குதிரைப் பயிற்சியாளரையும் லாய வேலையாளையும். பயிற்சியாளர் இறந்துபோனார். 2008-லும் 2009-லும் கால்நடை மருத்துவர்கள் இறந்தார்கள். நோய்க் குதிரையின் பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் ஒரே ஆபத்துதான்.

தம்பிக்குக் கழற்றும் முறையை மூன்று தடவை செய்து காட்டினேன். முதலில் கையுறை, உள்பக்கம் வெளியே வரும்படி உருவ வேண்டும். கை கழுவிவிட்டுக் கண்ணாடி, ஏப்ரன். மாஸ்க் கடைசியில், நாடாவை மட்டும் பிடித்து. மறுபடி கை கழுவ வேண்டும். போடும்போது தப்பு நடந்தால் கவனித்துச் சரிசெய்துவிடலாம்; தொற்று ஒட்டுவது பெரும்பாலும் கழற்றும்போதுதான். சாணி அப்பிய பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கிப் பயனில்லை, சாணி மருந்தின் வீரியத்தைக் கெடுத்துவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகுதான் மருந்து.

ஜனவரி 16

காணும் பொங்கல். பீச்சில் கூட்டம். வருஷத்திலேயே நல்ல வரும்படி வரும் நாளில் குதிரை பூவரச மரத்தடியில் கட்டிக் கிடக்கிறது. உரிமையாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டி உடைந்து சீழ் வந்தது. வாளிக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள், மற்ற இரண்டு குதிரைகளுக்கு அது போகக்கூடாதென்று. நான் சொல்லிக்கொடுக்காதது அது.

ஜனவரி 23

கிளாண்டர்ஸ் நெகட்டிவ். சளி நின்ற பிறகும் மூன்று வாரம் தனியாகத்தான் கட்ட வேண்டும் என்றேன். தம்பி தலையாட்டிவிட்டுக் குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டான். துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.