கட்டத்துக்குள் ஒரு மாதம்: தென் சஸ்காட்செவன் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 9, கிராவல்பர்க்

வந்து சேர்ந்தாச்சு. இங்குள்ள மருந்துக்கடையில் மருந்தாளர் லீவு, மாதக் கடைசி வரை அவர் இடத்தில் நான். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், மொத்தமே ஆயிரம் பேர் சுமாருக்கு உள்ள ஊர்.

மாகாணத் தலைநகர் ரெஜினாவிலிருந்து வரும் வழியெல்லாம் நிலம் கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமாகக் கிடக்கிறது. குடியேறிகள் வருமுன்பே அரசாங்கம் அளந்து வைத்துவிட்டது. ஒரு மைலுக்கு ஒரு மைல் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். 36 செக்‌ஷன் சேர்ந்தால் ஒரு டவுன்ஷிப். 1872இல் போட்ட சட்டப்படி கால் செக்‌ஷனுக்கு, அதாவது 160 ஏக்கருக்கு, கட்டணம் வெறும் 10 டாலர். மூன்று வருஷம் குடியிருந்து உழுது காட்டினால் பட்டா. நேராகப் போகும் ரோடு அங்கங்கே காரணமே இல்லாமல் ஓர் ஒடி ஒடிந்து மறுபடி நேராகிறது. உருண்டையான பூமியில் வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும், கட்டம் குறுகும். அதை 24 மைலுக்கு ஒரு தடவை சரிக்கட்டிய இடம்தான் அந்த ஒடிசல்.

யாருடைய நிலத்தை அளந்தார்கள் என்று கேட்டால், க்ரீ, சோட்டோ, அசினிபாய்ன் பூர்வகுடி மக்களோடு 1874இல் போட்ட நான்காம் ஒப்பந்தத்தைக் காட்டுவார்கள். ஒப்பந்தம் பின்னால் வந்தது, அளவைச் சட்டம் முன்னால் வந்தது. அந்த வரிசையே எல்லாம் சொல்லிவிடுகிறது.

ஆகஸ்ட் 10

கோயில் பார்த்தேன். கோயில் என்றால் மாதா கோயில். இத்தனூண்டு ஊரில் இரட்டைக் கோபுரத்தோடு ஒரு பேராலயம்! 1906இல் கிராவல் என்ற பாதிரியார் பிரெஞ்சுக்காரர்களைத் திரட்டி இங்கே குடியேற்றினார். 1918-19இல் இதைக் கட்டினார்கள். உள்ளே சுவரும் விதானமும் முழுக்கச் சித்திரம். வரைந்தவர் இங்கேயே பங்குத்தந்தையாக இருந்த மயார். 1930இல் மறைமாவட்டத் தலைமையிடமாகி, 1998இல் அந்தப் பெருமையும் போயிற்று. கடைக்கு வரும் வயசாளிகள் சிலர் இன்னமும் தங்களுக்குள் பிரெஞ்சில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

ஆகஸ்ட் 13

ராத்திரி நல்ல மழை. காலையில் மண்ரோட்டில் இறங்கி நாலு எட்டு வைத்ததும் செருப்பு இரண்டு கிலோ. 'கம்போ' என்கிறார்கள். ரெஜினாவைச் சுற்றியுள்ள களிமண்ணை மண்ணியல்காரர்கள் நம்ம கரிசலோடு ஒரே வகையில் சேர்க்கிறார்கள்: நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். கோவில்பட்டிக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 16

ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்த விவசாயி ஒருவர், இந்தியா என்றதும் சாயங்காலம் தன் காட்டுக்குக் கூட்டிப்போனார். காடு முழுக்கப் பருப்பு. செடி முழங்கால்கூட வராது, காய் தரையை ஒட்டித் தொங்குகிறது. அறுக்கிற இயந்திரம் மண்ணை உரசிக்கொண்டே போகணும், ஒரு கல் தட்டினால் போச்சு. அதனால் விதைத்த கையோடு பெரிய உருளையை இழுத்துக் கல்லையெல்லாம் மண்ணுக்குள் அமுக்கிவிடுகிறார்கள். காட்டு மூலையில் தாத்தா காலத்திலிருந்து பொறுக்கிப் போட்ட கல் குவியல்.

முன்பு கோதுமையும் தரிசும் மாற்றி மாற்றி விட்ட நிலம். சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் அல் ஸ்லிங்கார்ட் 1970களில் உருவாக்கிய 'லேர்டு' ரகத்துக்குப் பிறகுதான் பருப்பு பிடித்தது. தழைச்சத்தைத் தானே மண்ணில் சேர்க்கும், குறைந்த மழைக்கும் தாங்கும். விற்பதில் பெரும்பங்கு நம்ம பக்கம். 2017 டிசம்பரில் இந்தியா 30 சதவீதம் வரி போட்டதை அவர் தேதியோடு சொன்னார். அதற்கு நானே பொறுப்பு என்பது போல ஒரு பார்வை வேறு.

இரவு அம்மா போன்.

"ஏய்யா, அங்க காட்ல என்ன வெள்ளாம?"

"பருப்பும்மா. மைசூர் பருப்புச் சாதி."

"ரேஷன்ல போட்டாங்கள்ல கனடா பருப்பு, அதுவா? ஒங்க அப்பா ஒரு வாய் வைக்க மாட்டாரே!"

"அதே இனந்தாம்மா."

"வாசமுள்ள பருப்பா வெதைக்கச் சொல்லுய்யா."

ஆகஸ்ட் 18

13ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே. லஃப்ளேஷ், வுட்ரோ, மெய்ரான், கின்கெய்ட், ஹேசன்மோர், அனிராய்ட், பான்ட்டெக்ஸ். ஊர்ப்பெயரைப் படித்து முடிக்குமுன் ஊர் முடிகிறது.

நம் ஊர்கள் ஆற்றையோ குளத்தையோ பார்த்து உட்கார்ந்தவை. இவை குதிரையைப் பார்த்து உட்கார்ந்தவை. தானிய வண்டியை ஓட்டிப்போய் இறக்கிவிட்டுப் பொழுது சாய வீடு திரும்பும் தூரம், எட்டிலிருந்து பத்து மைல். அந்தக் கணக்கில் ரயில் கம்பெனி நிலையம் போட்டது, அதை ஒட்டி ஓங்கிய மரத் தானியக் கிடங்கு, அதற்கடுத்து ஊர். லாரி வந்தது, 1995இல் ரயில் சரக்கு மானியமும் நின்றது. பிறகு கிளைப் பாதைகளைப் பிடுங்கினார்கள், கிடங்குகளை இடித்தார்கள். பள்ளிக்கூடமும் தபால் ஆபீஸும் பின்னாலேயே போயின.

ஆனால் இந்தப் பாதையில் தண்டவாளம் இருக்கிறது! கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயை 2004இல் இந்தப் பகுதி ஆட்களே பணம் போட்டு வாங்கிவிட்டார்கள். விவசாயி தன் தானியத்தைத் தானே பெட்டியில் ஏற்றி அனுப்பலாம் என்பது இங்கே சட்ட உரிமை. 1902இல் சிந்தலூட்டா ஊரில் ரயில்வே ஏஜெண்டின் மேல் விவசாயிகள் வழக்குப் போட்டு ஜெயித்து நிலைநாட்டியது.

ஆகஸ்ட் 19, வால் மேரி

கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. ஏர் படாத புல்வெளி. குனிந்து பார்த்தால் கணுக்கால் உயரத்தில் சப்பாத்திக்கள்ளி! மைனஸ் 30, 40 குளிரையும் சுருங்கிக் கிடந்தே தாண்டிவிடுமாம். கருவால் புல்வெளி நாய் என்று ஒன்று, நாய் இல்லை, அணில் சாதி. கனடாவில் இந்த வட்டாரத்தில் மட்டும்தான். வளை வாசலில் எழுந்து நின்று கத்திற்று. 2005இல் திரும்பக் கொண்டுவந்த காட்டெருமைகள் தூரத்தில் தெரிந்தன.

தட்டை நிலம் என்பது பார்வைக்குத்தான். இங்கே ஓடும் பிரெஞ்ச்மன் ஆற்றுத் தண்ணீர் மிசௌரி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. வடக்கே ஸ்விஃப்ட் கரன்ட் ஓடைத் தண்ணீர் ஹட்சன் விரிகுடாவுக்கு. கிராவல்பர்க்கின் வுட் ஆறோ எந்தக் கடலையும் பார்க்காது, ஓல்டு வைவ்ஸ் உப்பேரியில் விழுந்து ஆவியாகும்.

ஆகஸ்ட் 24

வில்லோ பஞ்ச், வுட் மவுன்டன். அமெரிக்கப் படையைத் தோற்கடித்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டைக்குப் பிறகு பூர்வகுடித் தலைவர் சிட்டிங் புல் 1877இல் தன் லகோட்டா மக்களோடு எல்லை தாண்டி வந்தது இந்தப் பக்கம்தான். காட்டெருமை அற்றுப்போயிற்று, கனடா அரசு நிலமும் கொடுக்கவில்லை, சோறும் போடவில்லை. 1881இல் பசியோடு திரும்பிப் போய்ச் சரணடைந்தார். போகாமல் தங்கிய சிலரின் வழிவந்தவர்கள் இன்றும் வுட் மவுன்டனில் இருக்கிறார்கள்.

வில்லோ பஞ்ச், பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெட்டிஸ் மக்கள் ஊன்றிய ஊர். கனடா அரசை எதிர்த்த அவர்களது 1885 கிளர்ச்சி தோற்றபின் மாகாணமெங்கும் நிலமிழந்த மெட்டிஸ் குடும்பங்கள் குடிசை போட்ட இடம், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ரோட்டுக்கென விட்ட 66 அடிப் புறம்போக்கு. இத்தனை லட்சம் ஏக்கரில் அவர்களுக்கு வாய்த்தது அந்த ஓரம். அங்கிருந்தும் துரத்தினார்கள்.

ஆகஸ்ட் 27

ஹட்டரைட் என்ற, கூட்டாக வாழும் கிறிஸ்தவப் பிரிவின் பெண்கள் வந்தார்கள், தலையில் புள்ளி போட்ட துணி, தங்களுக்குள் ஒரு பழைய ஜெர்மன். காலனியில் எல்லாம் பொது, தனிச்சொத்து கிடையாது. 120, 150 பேரைத் தாண்டினால் வேறு இடத்தில் புதுக் காலனி பிரியும். சுற்றுப்பட்டு ஊர்கள் தேய, இவர்கள் மட்டும் பெருகுகிறார்கள்.

ஆகஸ்ட் 29

ஸ்விஃப்ட் கரன்ட் வட்டாரத்தில் 1946லேயே எல்லோருக்கும் பொது வரியில் வைத்தியம். மாகாணம் முழுக்க அது வந்தது 1962இல், டாக்டர்கள் ஸ்டிரைக்கை மீறி. முப்பதுகளின் வறட்சியில் டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாமல், பஞ்சாயத்தே வரி வசூலித்து டாக்டரைச் சம்பளத்துக்கு வைத்த மக்கள் இவர்கள். இன்று நர்ஸ் கிடைக்காமல் சின்ன ஊர் அவசரப் பிரிவுகள் பாதி நாள் பூட்டிக் கிடக்கின்றன. இதயத்துக்கான நைட்ரோகிளிசரின் மருந்து வாங்க வந்த பாட்டி சொன்னார்: "முதல்ல போன் போட்டு எந்த ஊர்ல திறந்திருக்குன்னு கேட்டுக்கணும். அப்புறம்தான் நெஞ்சு வலிக்கணும்."